திரும்பி வராத முகம்: பௌத்த மறுபிறப்பும் சினிமாவும்

இந்திய சினிமாவுக்கு மறுபிறப்பு பழகிய பொருள். 1958இல் பிமல் ராய் இயக்கிய ‘மதுமதி’, 1963இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’, 1984இல் கமல்ஹாசன் நடித்த ‘எனக்குள் ஒருவன்’, 2009இல் ராஜமௌலியின் ‘மகதீரா’ என்று வரிசை நீளமானது. கதைகள் வெவ்வேறு, கணக்கு ஒன்றுதான். போன பிறவியில் ஒரு காதல் அறுக்கப்பட்டது, அல்லது ஒரு கொலை நடந்தது. இந்தப் பிறவியில் அதே நடிகர் அதே முகத்தோடு வந்து விட்டதை அடைகிறார், பட்டதைத் தீர்க்கிறார். 2012இல் வந்த ‘நான் ஈ’ இன்னும் ஒரு படி போனது. நாயகன் ஈயாகப் பிறக்கிறான். முகம் போய்விட்டது, கை கால் போய்விட்டது, மொழியும் போய்விட்டது. ஆனால் காதல் இருக்கிறது, பகை இருக்கிறது, தான் யார் என்ற நினைவு ஒரு பொட்டும் குறையாமல் இருக்கிறது. உடல்தான் மாறியது, ‘நான்’ மாறவில்லை. தலைப்பே அதைத்தான் சொல்கிறது.

இந்தப் படங்களைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. உடலை உடைபோல் கழற்றிப் போட்டுவிட்டு வேறு உடலை அணிந்துகொள்ளும் ஆன்மாவின் கதை இது. நம் மண்ணில் வேரூன்றிய நம்பிக்கை. பௌத்தம் பிறந்ததும் இதே மண்ணில்தான். அதுவும் மறுபிறப்பு உண்டு என்கிறது. ஆனால் பிறவி விட்டுப் பிறவி போகும் ஆன்மா என்று ஒன்று இல்லை என்று கூடவே சொல்கிறது. மறுபிறப்பு உண்டு, மறுபடி பிறப்பவர் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்து நிற்பதுதான் பௌத்தச் சிந்தனையின் கடினமான இடம். சினிமாவுக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் சினிமா முகத்தை நம்பி வாழும் கலை. ஒரு முகத்தைக் காட்டி, வெட்டி, இருபது ஆண்டுகள் கழித்து என்று எழுத்துப் போட்டு அதே முகத்தை நரையோடு காட்டினால் போதும், இது அதே ஆள் என்று நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். முகம் திரும்பி வந்தால் ஆன்மாவும் திரும்பி வந்துவிடுகிறது. அப்படியானால் யாரும் திரும்பி வராத மறுபிறப்பைத் திரையில் எப்படிக் காட்டுவது? ஆசியாவில் சில இயக்குநர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒருவர், என் மதிப்பில், வென்றிருக்கிறார்.

கோட்பாட்டைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ‘மிலிந்த பஞ்ஹா’ என்னும் பாலி நூலில் மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் நாகசேனர் என்ற பிக்குவிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறான். மறுபடி பிறப்பவன் செத்தவனேதானா, வேறொருவனா என்பது அவற்றில் ஒன்று. நாகசேனர் திருப்பிக் கேட்கிறார்: தொட்டிலில் கிடந்த குழந்தையும் இன்று அரியணையில் இருக்கும் நீயும் ஒருவரா? இல்லை என்கிறான் அரசன். அப்படியானால் உனக்குத் தாய் ஏது, ஆசான் ஏது என்று மடக்கிவிட்டு, விடிய விடிய எரியும் விளக்கை உவமையாகச் சொல்கிறார். முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல, ஆனால் முற்றிலும் வேறும் அல்ல. ஒன்றைப் பற்றி ஒன்று எரிகிறது. பிறவியும் அப்படித்தான் என்பது அவருடைய விடை. அவர் உவமையில் கவனிக்க வேண்டியது இதுதான்: மறுபிறப்பு என்பது சாவுக்குப் பிறகு நடக்கும் தனி அதிசயம் இல்லை. குழந்தை வளர்வதும் மறுபிறப்புதான். இரவு முழுக்க விளக்கு எரிவதும் அதுதான்.

இதன் மறுபக்கம் சார்பில் தோன்றுதல். எதுவும் தானாக நிற்பதில்லை, ஒன்று இருப்பதால் மற்றொன்று எழுகிறது, ஒன்று அற்றால் மற்றொன்று அறுகிறது. தமிழ் வாசகருக்கு இந்தச் சங்கிலி அந்நியமல்ல. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று பன்னிரண்டு கண்ணிகளையும் மணிமேகலைக்கு அறவண அடிகள் சொல்லிக்கொடுக்கிறார். ‘நான்’ என்று நாம் அழைப்பது இந்த ஓட்டத்துக்கு நாம் வைத்த பெயர்தான் என்பது சாரம். மணிமேகலையிடம் பிறகு வருகிறேன்.

மேற்கத்தியப் படங்களில் இரண்டைத் தொட்டுவிட்டுப் போகலாம். டேவிட் மிட்செலின் ‘கிளவுட் அட்லஸ்’ நாவல் (2004) ஆறு காலங்களில் ஆறு கதைகளைச் சொல்கிறது. அவற்றின் மையப் பாத்திரங்களை இணைப்பது வால்நட்சத்திர வடிவில் ஒரு மச்சம். மெலிதான, உறுதியில்லாத குறிப்பு அது. 2012இல் வச்சோவ்ஸ்கி சகோதரியரும் டாம் டைக்வரும் அதைப் படமாக்கியபோது டாம் ஹாங்க்ஸ், ஹாலி பெரி முதலியவர்களையே ஆறு காலங்களிலும் ஒப்பனை மாற்றி நடிக்கவைத்தார்கள். விளைவு என்ன? ஒப்பனைக்கு அடியில் இருக்கும் நட்சத்திரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே பார்வையாளரின் வேலை ஆகிவிட்டது. எல்லோரும் பின்னிக்கிடக்கிறோம் என்று வசனம் சொல்கிறது. படமோ ஒரே ஆன்மா ஆறு வேடம் போடுவதைக் காட்டுகிறது. இதற்கு மாறாக, பெர்டலூச்சியின் ‘லிட்டில் புத்தா’ (1993), பல இடங்களில் சுற்றுலா விளம்பரம்போலத் தோன்றும் படம்தான் என்றாலும், ஒரு நல்ல காரியம் செய்தது. செத்துப்போன திபெத்திய லாமாவின் மறுபிறப்பைத் தேடிப் போகிறார்கள். மூன்று குழந்தைகள் கிடைக்கிறார்கள்: சியாட்டிலில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன், நேபாளத்தில் ஒரு ஏழைச் சிறுவன், ஒரு சிறுமி. இவர்களில் யார் என்று நாம் தவிக்கும்போது, மூவருமே என்று விடை வருகிறது. ஒருவரின் உடலும் வாக்கும் மனமும் மூவராக வந்திருக்கின்றன. ஒரு ஆள், ஒரு ஆன்மா, ஒரு புது உடல் என்ற நம் கணக்கு அந்த இடத்தில் உடைந்துபோகிறது.

கொரியாவுக்கு வருவோம். கிம் கி-டுக்கின் ‘ஸ்பிரிங், சம்மர், ஃபால், விண்டர்... அண்ட் ஸ்பிரிங்’ 2003இல் வந்தது. தென் கொரியாவின் ஜுசான்ஜி குளத்தின் நடுவே மிதக்கும் சிறு கோயில். அங்கே ஒரு கிழ பிக்கு, ஒரு சிறுவன். ‘ஸ்க்விட் கேம்’ தொடரில் முதியவராக வந்து உலகமெங்கும் தெரிந்த ஓ யோங்-சு இதில் பிக்குவாக நடித்திருக்கிறார். சிறுவன் விளையாட்டாக ஒரு மீனிலும் தவளையிலும் பாம்பிலும் கல்லைக் கட்டிவிடுகிறான். இரவில் தூங்கும் சிறுவனின் முதுகில் பிக்கு ஒரு கல்லைக் கட்டுகிறார். போய் அவற்றை அவிழ்த்துவிடு, அவற்றில் ஒன்று செத்திருந்தாலும் அந்தக் கல்லை வாழ்நாள் முழுக்க நெஞ்சில் சுமப்பாய் என்கிறார். தவளை மட்டும் பிழைத்திருக்கிறது. செத்துக் கிடக்கும் பாம்பின் முன் உட்கார்ந்து குழந்தை விம்மி விம்மி அழுகிறது.

இந்தப் படத்தில் முகத்தை இயக்குநர் கையாளும் விதம் கவனத்துக்குரியது. அந்தச் சிறுவன் வளர்கிறான், பெண்ணாசையில் கோயிலை விட்டு ஓடுகிறான், மனைவியைக் கொன்றுவிட்டுத் திரும்பி வருகிறான், சிறை சென்று மீண்டு நடுவயதில் பிக்குவாகிறான். ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு நடிகர். நடுவயதுக்காரராகக் கிம்மே நடிக்கிறார். ஒருவரின் சாயல் மற்றவரிடம் இருக்க வேண்டும் என்று அவர் மெனக்கெடவில்லை. ஒரே ஆயுளுக்குள் பல பிறவி. நாகசேனர் மிலிந்தனைக் கேட்ட கேள்வி இங்கே நடிகர் தேர்விலேயே விடையாகிறது. குளிர்காலப் பகுதியில் முகத்தைத் துணியால் சுற்றிய ஒரு பெண் கைக்குழந்தையைக் கோயிலில் விட்டுப் போகிறாள், போகும் வழியில் பனிக்குழியில் விழுந்து சாகிறாள். அவள் முகம் நமக்குக் கடைசிவரை காட்டப்படுவதில்லை. கிழ பிக்கு தன் சிதையைத் தானே மூட்டிக்கொண்டு படகில் எரிந்த பிறகு, கோயிலுக்குள் ஒரு பாம்பு வந்து சேர்கிறது. அது அவர்தானா? படம் வாய் திறப்பதில்லை.

கொலைகாரனாகத் திரும்பி வந்தவன் இருக்கும் பகுதி மறக்க முடியாதது. கிழ பிக்கு பூனையின் வாலை மையில் தோய்த்துக் கோயிலின் மரத்தளம் முழுக்கப் பிரஜ்ஞாபாரமிதா இருதய சூத்திரத்தை எழுதுகிறார். மனைவியைக் கொன்ற அதே கத்தியால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் செதுக்கு என்கிறார். பிடித்துப்போக வந்த காவலர் இருவரும் துப்பாக்கியை இறக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இரவெல்லாம் செதுக்கி, ரத்தம் கசியும் கையோடு அவன் சாய்ந்து தூங்கிப்போகிறான். காவலர்கள் பிக்குவோடு சேர்ந்து அந்த எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். சூத்திரம் சொல்வதோ எல்லாம் வெறுமை, தனக்கென்று தன்மை எதற்கும் இல்லை என்று. கொன்றவன், பிடிக்க வந்தவர், குரு மூவரும் ஒரே தளத்தில் மண்டியிட்டு ஒரே வேலையைச் செய்கிறார்கள்.

ஆனாலும் இந்தப் படத்தின்மேல் எனக்குக் குறை உண்டு. கடைசி வசந்தத்தில் புதிய சிறுவன் ஆமையை வதைக்கத் தொடங்குகிறான். சக்கரம் அழகாக மூடிக்கொள்கிறது. மூடிய சக்கரம் விதி ஆகிவிடுகிறது. சார்பில் தோன்றுதல் என்ற கோட்பாட்டின் உயிரே, ஒரு கண்ணி அறுந்தால் மற்றதும் அறும் என்ற நம்பிக்கையில்தான் இருக்கிறது. அந்த வாசல் இப்படத்தில் இல்லை. பெண்ணை ஆசையின் கருவியாக மட்டும் வைத்திருப்பதும் அதே இறுக்கத்திலிருந்து வருவதுதான். பே யோங்-கியூன் என்ற ஓவியர் ஏறக்குறையத் தனி ஆளாகப் பல ஆண்டுகள் உழைத்து எடுத்து, 1989இல் லொகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை வென்ற ‘வை ஹேஸ் போதிதர்மா லெஃப்ட் ஃபார் தி ஈஸ்ட்?’ என்ற கொரியப் படம் இந்த வகையில் கூடுதல் நேர்மையுடையது. அதிலும் ஒரு கிழ குரு, ஓர் இளந்துறவி, ஓர் அநாதைச் சிறுவன். சிறுவன் கல்லெறிந்து ஒரு பறவையை வீழ்த்துகிறான், அதன் இணை அவனை விடாமல் தொடர்ந்து கத்துகிறது. குரு இறந்ததும் இளந்துறவி அவர் உடலைத் தனியாகச் சுமந்துபோய் எரித்து, எலும்பைப் பொடியாக்கி நீரிலும் மண்ணிலும் தூவுகிறான். குரு எங்கே பிறந்தார் என்று யாரும் தேடுவதில்லை. அவர் எங்கும் பரவிவிட்டார். அதே போதிதர்மரை வைத்து 2011இல் தமிழில் எடுத்த ‘ஏழாம் அறிவு’, அவர் திறமை மரபணு வழியாக அதே முகமுள்ள வழித்தோன்றலிடம் திரும்பி வருவதாகச் சொன்னது.

இனி, வென்றவர் என்று நான் சொன்னவரின் தாய்லாந்துப் படம்.

அபிசாட்போங் வீரசெத்தகுன் 1970இல் பிறந்தவர். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். வடகிழக்குத் தாய்லாந்தின் கோன் கேன் ஊரில் வளர்ந்தவர், கட்டடக்கலை படித்துவிட்டுச் சிகாகோவில் திரைப்படம் கற்றவர். கோன் கேனில் ஒரு மடத்துத் தலைமைப் பிக்கு, தாம் 1983இல் எழுதிய சிறுநூல் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். பூன்மீ என்ற ஒருவர் மடத்துக்குத் தியானம் பழக வந்ததையும், கண்ணை மூடி உட்கார்ந்தால் தன் பழைய பிறவிகள் சினிமாபோல ஓடுவதாக அவர் சொன்னதையும் அந்த நூல் பதிவுசெய்திருந்தது. இயக்குநர் அதைக் கையில் எடுத்தபோது அந்த பூன்மீ உயிரோடு இல்லை. அந்த நூலிலிருந்து தளர்வாக வளர்ந்த படம்தான் ‘அங்கிள் பூன்மீ ஹூ கேன் ரீகால் ஹிஸ் பாஸ்ட் லைவ்ஸ்’. 2010இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. தாய்லாந்துப் படம் ஒன்றுக்கு அதுவே முதல் முறை.

கதை என்று சொல்லக் கொஞ்சமே இருக்கிறது. புளியந்தோப்பும் தேன்பெட்டிகளும் வைத்திருக்கும் பூன்மீக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. கடைசி நாள்களைத் தோட்டத்து வீட்டில் கழிக்கிறார். மைத்துனி ஜென், உறவுக்காரப் பையன் தோங், வயிற்றில் குழாய் பொருத்தி டயாலிசிஸ் செய்யும் லாவோஸ் நாட்டு வேலையாள் ஆகியோர் உடன் இருக்கிறார்கள். ஓரிரவு திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, காலியாக இருந்த நாற்காலியில் பூன்மீயின் செத்துப்போன மனைவி ஹுவாய் மெல்ல மெல்லத் தெளிந்து வருகிறாள். சற்று நேரத்தில், காணாமல்போன மகன் சிவப்புக் கண்களும் உடல் முழுக்க மயிருமாகக் குரங்குப் பேயாகப் படியேறி வருகிறான். அலறல் இல்லை, இசை எழும்பவில்லை. ஒரு கணம் திடுக்கிடுகிறார்கள், அவ்வளவுதான். பிறகு அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள், அவள் சாவுக்கு எடுத்த படங்கள் உள்ள ஆல்பத்தைக் காட்டுகிறார்கள். மகனிடம் ஏன் இத்தனை முடி வளர்த்திருக்கிறாய் என்கிறார்கள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்கிறான், விளக்கைக் குறைக்கிறார்கள். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. இடத்தோடு பேய்க்குப் பிணைப்பு இல்லை, உயிரோடு இருப்பவர்களோடுதான் என்று ஹுவாய் பிறகு ஒரு காட்சியில் சொல்கிறாள். படத்தில் வரும் உறவுக் கோட்பாடு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

மறுபிறப்பு எங்கே? தலைப்பு வாக்குக் கொடுத்துவிட்டதால் நாம் காத்திருக்கிறோம். படம் அந்தியில் ஒரு எருமையோடு தொடங்குகிறது. கட்டை அறுத்துக்கொண்டு அது காட்டுக்குள் ஓடுகிறது. ஒருவன் தேடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்து வருகிறான். இது பூன்மீயின் பிறவியா? அவர் எருமையா, இழுத்து வந்தவனா? சொல்லப்படவில்லை. நடுவில் திடீரென்று ஒரு இளவரசி பல்லக்கில் காட்டுவழி வருகிறாள். அவள் முகம் வடுக்களால் சிதைந்தது. அருவியின் அடியில் நீரில் தன் நிழலைப் பார்க்கிறாள். நீரில் தெரிவது வடுவில்லாத அழகிய முகம். பல்லக்குத் தூக்கிய இளைஞன் முத்தமிட வரும்போது, நீ முத்தமிடுவது அந்த நிழலைத்தான் என்று அவனை அனுப்பிவிடுகிறாள். நீருக்குள்ளிருந்து ஒரு கெளுத்தி மீன் பேசுகிறது. நகைகளை ஒவ்வொன்றாக நீரில் விட்டபடி அவள் இறங்குகிறாள். மீனோடு கூடுகிறாள்.

இதில் பூன்மீ யார்? இளவரசியா, கெளுத்தியா, விலக்கப்பட்ட இளைஞனா, அந்த முகத்தைக் காட்டிய நீரா? இயக்குநர் விடையைத் திறந்தே விட்டிருக்கிறார். பூன்மீயாக நடித்த தனபத் சாய்சாய்மரின் முகம் அந்தப் பகுதியில் எங்கும் இல்லை. பூன்மீ நினைத்துப் பார்ப்பதாகக் காட்டும் முன்குறிப்போ அவருடைய குரலோ கிடையாது. ஒரு ரீல் முடிந்தது, அடுத்த ரீல் வந்தது. இந்தப் பகுதி பொய் முகத்தையும் மெய் முகத்தையும் பற்றிய கதையாக அமைந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. முகத்தைப் பற்றிக்கொண்டு அடையாளம் தேடும் பழக்கத்தை நீரில் கரைத்துவிட்டுத்தான் மறுபிறப்பைக் காட்ட முடியும் என்று அபிசாட்போங் கண்டுகொண்டார். சுடர் மாறுகிறது, எரிவது தொடர்கிறது.

வடிவத்திலும் அதைச் செய்திருக்கிறார். படம் ஆறு ரீல்கள். ஒவ்வொன்றையும் வெவ்வேறு பாணியில் எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். திண்ணைச் சாப்பாடு பழைய தொலைக்காட்சி நாடகம்போல விறைப்பாக இருக்கிறது. தோட்டக் காட்சிகள் ஆவணப்படத்தின் வெளிச்சத்தில் நகர்கின்றன. இளவரசி பகுதி அந்தக் காலத்து அரச உடைப் படங்களின் சாயல். எல்லாம் 16 மி.மீ. படச்சுருளில் எடுத்தவை, அந்தச் சுருளே செத்துக்கொண்டிருந்த காலத்தில். ஒரு படத்துக்குள் சினிமாவின் பழைய பிறவிகள் ஒன்றைப் பற்றி ஒன்று எழுகின்றன. மடத்துப் பூன்மீ தன் பிறவிகள் சினிமாபோல ஓடுவதாகச் சொன்னதை இயக்குநர் இப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது அழகான படம். இதைப் பெரிய படமாக்குவது வினையைப் பற்றிய ஒரு சிறு உரையாடல். தேன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூன்மீ ஜென்னிடம், இந்த நோய் என் வினை என்கிறார். நிறையக் கம்யூனிஸ்டுகளைக் கொன்றேன். நல்ல எண்ணத்தோடுதானே கொன்றாய் என்கிறாள் ஜென். தோட்டத்தில் நிறையப் பூச்சிகளையும் கொன்றேன் என்று சேர்த்துக்கொள்கிறார் அவர். நாட்டுக்காகத்தானே என்று அவள் மறுபடி ஆறுதல் சொல்கிறாள். அந்தப் பேச்சு அப்படியே அடங்கிவிடுகிறது.

தாய்லாந்து வரலாறு தெரியாமல் பார்த்தால் இது நழுவிப்போகும். வடகிழக்கில் நக்கோன் பனோம் மாகாணத்தின் நாபுவா என்ற சிற்றூரில் 1965 ஆகஸ்ட் 7 அன்று உழவர்களுக்கும் படைக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டைதான் கம்யூனிஸ்டு எழுச்சியின் முதல் வெடிச் சத்தமாக நினைக்கப்படுகிறது. அதன் பிறகு பல ஆண்டுகள் அவ்வூர் படையினரின் பிடியில் கிடந்தது. பூன்மீயின் தடம் தேடி வடகிழக்கில் அலைந்த அபிசாட்போங் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். அவ்வூர்ப் பதின்வயதுப் பையன்களை வைத்து ‘பிரிமிட்டிவ்’ என்ற கலைத்திட்டத்தை 2009இல் செய்தார். இந்தப் படம் அதன் ஒரு பகுதி. இன்னொரு செய்தியும் வேண்டும். 1976இல் தாய்லாந்தில் செல்வாக்கு மிக்க பிக்குவான கித்திவுத்தோ, கம்யூனிஸ்டுகளைக் கொல்வது பாவமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பிக்குவின் பிச்சைப் பாத்திரத்தில் இடுவதற்காக மீனைக் கொன்று சமைக்கிறோம், கொன்ற பாவத்தைவிடக் கொடுத்த புண்ணியம் பெரிது என்பது அவர் சொன்ன நியாயம். அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று பாங்காக்கின் தம்மசாட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள்.

ஜென்னின் ஆறுதல் அந்த பிக்குவின் நியாயத்தின் எதிரொலி. எண்ணமே வினை என்பது பௌத்தத்தின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அதையே வளைத்து, நல்ல எண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று ஒரு நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சாகக் கிடக்கும் பூன்மீ அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ளவில்லை. கொன்ற மனிதர்களையும் கொன்ற பூச்சிகளையும் ஒரே வரிசையில் வைக்கிறார். அவர் அரசை எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை, தன் கணக்கைத்தான் சொல்கிறார். ஆனால் அந்தக் கணக்கில் நாடு என்ற சொல்லுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. இந்தப் படத்தில் மீன் ஒரு இளவரசியின் காதலனாக வருவதை, பிச்சைப் பாத்திரத்துக்காகக் கொல்லப்பட்ட அந்த மீனை நினைக்காமல் என்னால் பார்க்க முடியவில்லை. இது என் வாசிப்பு, இயக்குநரின் கூற்றல்ல.

ஏழை ஏழையாகப் பிறந்தது போன பிறவியின் பயன் என்று சொல்லி அடங்கியிருக்கச் செய்வது தாய்லாந்தில் மட்டும் நடப்பதில்லை. வினை என்ற கருத்தைத் தனிமனிதரின் வரவு செலவுப் புத்தகமாகச் சுருக்கும்போது அது அதிகாரத்தின் கைக்கருவி ஆகிறது. அபிசாட்போங் அதை அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிறார். கொலை பூன்மீயின் சிறுநீரகத்தில் மட்டும் இல்லை, காட்டில் இருக்கிறது, குகையில் இருக்கிறது, சிவப்புக் கண்களோடு மரத்தடியில் நின்று பார்க்கிறது.

சாவுக் காட்சி குகையில். ஹுவாய் முன்னே நடக்க எல்லோரும் உள்ளே போகிறார்கள். இது கருப்பைபோல இருக்கிறது என்கிறார் பூன்மீ. தனக்கு நினைவில் வராத ஒரு பிறவியில் இங்கேதான் பிறந்தேன், ஆணா பெண்ணா, மனிதனா விலங்கா தெரியாது என்கிறார். பிறவிகளை நினைவுகூரத் தெரிந்தவர் என்று தலைப்புச் சொன்ன மனிதர், சாகும் தறுவாயில் தெரியாது என்கிறார். அதன் பிறகு எதிர்காலத்தைப் பற்றிய ஒரு கனவைச் சொல்கிறார். அந்தக் கனவில் வரும் ஊரில் ஆள்வோர் கடந்த காலத்து மனிதர்களைப் பிடித்து அவர்கள்மேல் ஒளி பாய்ச்சுகிறார்கள், பிம்பங்கள் திரையில் விழுகின்றன, பிறகு அந்த மனிதர்கள் மறைந்துபோகிறார்கள். அப்போது திரையில் அசையாப் படங்கள் வருகின்றன: படையுடையில் பையன்கள், கயிற்றில் கட்டிய குரங்குப் பேய், சிரித்தபடி நிற்கும் கும்பல். அந்தப் பையன்கள் நாபுவாக்காரர்கள். விடிவதற்குள் ஹுவாய் கணவனின் வயிற்றுக் குழாயைத் திறந்துவிடுகிறாள். நீர் கற்தரையில் ஓடுகிறது. இயக்குநரின் தந்தையும் சிறுநீரக நோயால் இறந்தவர்.

படம் அங்கே முடியவில்லை. சாவுச் சடங்குக்குப் பிறகு விடுதி அறையில் ஜென் மொய்ப் பணத்தை எண்ணிக் கணக்கெழுதுகிறாள். காவி உடுத்தியிருக்கும் தோங் மடத்தில் தூக்கம் வரவில்லை என்று வந்து குளிக்கிறான், சட்டை மாட்டிக்கொண்டு சாப்பிடக் கூப்பிடுகிறான். இருவரும் எழுந்து நிற்கும்போது, கட்டிலில் தாங்களே இன்னும் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பதைக் காண்கிறார்கள். நின்றவர்கள் உணவகத்துக்குப் போகிறார்கள், இருந்தவர்கள் இருக்கிறார்கள். படத்திலேயே முதன்முறையாக ஒரே முகம் இரண்டு இடத்தில் வருகிறது. அது மறுபிறப்பை உறுதிசெய்ய வரவில்லை, ‘நான்’ ஒன்று என்ற கடைசிப் பிடிமானத்தையும் அவிழ்க்க வருகிறது. சாவு தேவைப்படவில்லை. ஒரு சாதாரண மாலையில், ஒரு விடுதி அறையில் சுடர் பிரிந்துவிட்டது.

இதற்கெல்லாம் எதிராக ஒரு சாட்சியையும் சொல்லியாக வேண்டும். ‘அன்மிஸ்டேக்கன் சைல்ட்’ என்ற 2008ஆம் ஆண்டு ஆவணப்படம், 2001இல் காலமான கெஷே லாமா கோன்சோக்கின் மறுபிறப்பைத் தேடி அவருடைய சீடர் தென்சின் சோபா நேபாள மலைக்கிராமங்களில் வீடு வீடாக அலைவதைப் பின்தொடர்கிறது. கடைசியில் ஒரு மழலை, பல ஜெபமாலைகள் நடுவே லாமாவின் மாலையை எடுக்கிறது. பெற்றோர் குழந்தையைக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே அடையாளம்தான் எல்லாம். திரும்பி வந்தவர் அவரேதான் என்று உறுதிசெய்வதற்காகவே சோதனைகள். பௌத்தம் எங்கும் ஆளில்லாத மறுபிறப்பையே வாழ்கிறது என்று யாராவது சொன்னால் இந்தப் படத்தைக் காட்டலாம். ஆனால் அந்தச் சீடரின் முகத்தைப் பாருங்கள். சிறு வயதிலிருந்து தன்னை வளர்த்தவரை இழந்த துக்கம் அதில் எரிகிறது. அவர் தேடுவது கோட்பாட்டை அல்ல, அந்த மனிதரை. பற்றை விடச் சொல்லிக்கொடுத்த குருவின்மேல் வைத்த பற்று. இந்த முரணை மறைக்காமல் காட்டியதால்தான் அந்த ஆவணப்படம் நிற்கிறது.

பின்னிக்கிடத்தல் என்ற கருத்தைப் பௌத்தச் சொல் எதுவும் இல்லாமல் சொன்ன படம் கொரே-எடாவின் ‘ஆஃப்டர் லைஃப்’ (1998). செத்தவர்கள் ஒரு பழைய கட்டடத்துக்கு வருகிறார்கள். ஒரு வாரத்துக்குள் வாழ்விலிருந்து ஒரே ஒரு நினைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஊழியர்கள் அதைப் படமாக எடுத்துக் கொடுப்பார்கள். தேர்ந்தெடுக்க முடியாதவர்கள்தான் அங்கே ஊழியர்களாகத் தங்கிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவன் போரில் செத்த இளைஞன். ஒரு கிழவரின் கோப்பு அவன் கைக்கு வருகிறது. அவர் மனைவி முன்பு தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் என்று தெரிகிறது. அவள் சாவுக்குப் பின் தேர்ந்தெடுத்த நினைவு, தன்னோடு பூங்கா இருக்கையில் உட்கார்ந்திருந்த பொழுது என்றும் தெரிகிறது. தனக்கு மகிழ்ச்சியான நினைவே இல்லை என்று இருந்தவன், இன்னொருவரின் மகிழ்ச்சியில் தான் இருந்ததை அறிகிறான். அவன் வாழ்வின் பொருள் அவனிடம் இல்லை, வேறொருத்தியின் நினைவில் இருந்தது.

இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லிவருவதன் முழு வடிவம் தமிழில் இருக்கிறது. மணிபல்லவத்தில் புத்தபீடிகையின் முன் மணிமேகலை தன் பழம்பிறப்பை அறிகிறாள். அப்போது அவள் பெயர் இலக்குமி, கணவன் இராகுலன். இந்தப் பிறவியில் தன்னைத் துரத்தும் உதயகுமரனே அந்த இராகுலன். நம் சினிமாவிடம் இந்தக் கதை கிடைத்திருந்தால் உடனே டூயட் வந்திருக்கும். மணிமேகலைக் காப்பியத்தை எழுதிய சாத்தனார் எதிர்த்திசையில் போகிறார். அறிந்ததே விலகுவதற்காக. காஞ்சனன் என்பவனின் மனைவி காயசண்டிகையின் வடிவில் இருக்கும் மணிமேகலையைத் தன் மனைவியென்றே எண்ணி, அவளைத் தொடரும் உதயகுமரனைக் காஞ்சனன் வெட்டுகிறான். பழைய கணவன் செத்துக் கிடப்பதைக் கண்டு அவள் கதறிக்கொண்டு ஓடும்போது தூணில் இருக்கும் கந்திற்பாவை தடுக்கிறது. முற்பிறவியில் முனிவருக்கு உணவு கொண்டுவந்து கால் இடறிய சமையற்காரனை இராகுலன் வாளால் வீழ்த்தியதைச் சொல்கிறது, இன்றைய வெட்டு எதைச் சார்ந்து வந்தது என்று காட்டுகிறது. அவள் இனிமேல் மகத நாட்டில் ஆணாகப் பிறப்பாள் என்பதையும் சொல்கிறது. முகமும் போய்விடும், பெண் என்ற அடையாளமும் போய்விடும்.

கணவனென்று அறிந்தும் தொடக்கூடாத பிணம், கைநீட்டி ஓடும் பெண், தூணிலிருந்து பேசும் பாவை: மறுபிறப்பைப் பற்றி உலக சினிமா கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. 1940இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்து ‘மணிமேகலை’ படமாக வந்திருக்கிறது. இன்று கேமராவைக் கையில் எடுக்கும் இளம் தமிழ் இயக்குநர்களிடம் ஒன்று கேட்கிறேன். பூன்மீயை ஒரு முறை பாருங்கள், பார்த்த கையோடு மணிமேகலையின் இருபதாம், இருபத்தொன்றாம் காதைகளைப் படியுங்கள். தாய்லாந்துக்காரர் தம் ஊர் மடத்துச் சிறுநூலை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். நமக்கு அந்த நூல் நூலகத்திலேயே இருக்கிறது.